மீட்பும் தீர்ப்பும்

சிறைப்பட்ட வீரன் வீடு திரும்பும் காட்சியைவிட இனிய காட்சி வேறில்லை என்று நாம் எண்ணுகிறோம். கதைகளும் காவியங்களும் நம்மை அவ்வாறே பழக்கியுள்ளன. ஆனால், வாழ்க்கை எப்போதும் காவியத்தின் வழியே நடப்பதில்லை. திரும்பி வருபவனை மாலையோடு எதிர்கொள்ளும் கைகளும் உண்டு. அவன் முகத்தெதிரே கதவைச் சாத்தும் கைகளும் உண்டு. இவ்விரு வகைக் கைகளும் ஒரே ஊரில், ஏன், ஒரே குடும்பத்தில் இருப்பதும் உண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தில் பிறந்தவன் நான்.

2019 ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இரவு. குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் நாங்கள் வழக்கமாகக் கூடும் உணவுக்கடையில், கடையை மூட மனமின்றி எல்லாரும் தொலைக்காட்சியை நோக்கி அமர்ந்திருந்தோம். பாகிஸ்தானில் பிடிபட்ட இந்திய விமானப்படை வீரர் அபிநந்தன் வர்த்தமான் வாகா எல்லையில் ஒப்படைக்கப்படும் நேரத்தை எதிர்பார்த்திருந்தோம். பிப்ரவரி 27 ஆம் நாள் அவர் விமானம் வீழ்த்தப்பட்டது. மூன்றாம் நாளே அவர் திரும்புகிறார். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர் என்பதால், எங்கோ கடல் கடந்து பேராக்கில் இருந்த நாங்களும் அவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கருதினோம். இந்தியாவில் இரவு ஒன்பது மணி கடந்து அவர் எல்லையைத் தாண்டி நடந்து வந்தபோது இங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது. கடைக்காரர் எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சிக்கிடையே, என்னோடு தோட்டத்தில் ஒன்றாய் வளர்ந்த பழைய நண்பர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "உங்க பெரியப்பாவும் பிடிபட்டுத் திரும்பி வந்தவர்தானே, வாத்தியாரே? அவரை வரவேற்க யார் போனாங்க?" என்று கேட்டார். அன்றிரவு நான் விடை கூறவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் காலந்தாழ்த்திக் கூறும் விடை.

என் பெரியப்பா ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பானியர் 1941 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கினர்; அம்மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கையில் விழுந்தது. 1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குப் பின் தோட்டத்துத் தமிழனுக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று சயாமுக்குப் போகும் வாயில். மற்றொன்று படைக்குப் போகும் வாயில்.

முதல் வாயிலின் வழியே போனவர் என் தாயாரின் அண்ணன். 1943 ஆம் ஆண்டில் ஒரு காலை, பெரட்டுக்களத்தில் பெயர்களை வாசித்து, லோரியில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் குடைந்து இரயில் பாதை போடும் வேலை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டவர்களின் சரியான எண்ணிக்கையை இன்றுவரை எவராலும் கூற முடியவில்லை. என் மாமா திரும்பவில்லை. அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

இரண்டாம் வாயிலின் வழியே போனவர் என் பெரியப்பா. 1943 ஆம் ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். துப்பாக்கியைக் கண்ணால் கண்டறியாத தோட்டத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அப்படையில் சேர்ந்தார்கள். ஏன் சேர்ந்தீர்கள் என்று பிற்காலத்தில் நான் பெரியப்பாவைக் கேட்டதுண்டு. மேடைப் பேச்சாளர் எவரும் கூறாத விடையை அவர் கூறினார்: "பாதி நேதாஜி பேச்சு, பாதி சயாம் பயம்." தம்மைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய வேறொருவரை நான் கண்டதில்லை.

அவர் இருந்தது நேரு படைப்பிரிவு. மலாயாவில் சேர்ந்த தமிழர் பலர் இடம்பெற்ற அப்பிரிவு, 1945 ஆம் ஆண்டு பிப்ரவரியில் குர்பக்ஷ் சிங் தில்லானின் தலைமையில் ஐராவதி ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றது. தோல்வியும் பின்வாங்கலும் அவர்களுக்கு எஞ்சின. பெரியப்பா பர்மாவில் பிடிபட்டார். முகாமில் பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்து, 1946 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கப்பலில் அனுப்பப்பட்டு மலாயா வந்து சேர்ந்தார்.

அவர் தோட்டத்துக்கு நடந்து வந்த நாளை என் தாயார் பலமுறை விவரித்திருக்கிறார். கிழிந்த காக்கிக் கால்சட்டை. கையில் ஒரு தகரக் குவளை. செம்மண் சாலையில் அவரைக் கண்டதும் இளைஞர் சிலர் "ஜெய் ஹிந்த்!" என்று முழங்கிக்கொண்டு ஓடினார்கள். லயத்து வாசலில் நின்ற வேறு சிலர், "ஜப்பான்காரன் கையாள் வந்துட்டான்" என்று காறித் துப்பினார்கள். நிர்வாகம் மீண்டும் வெள்ளைக்காரத் துரையிடம் போயிருந்தது. இவர் பெயரை வேலைப் பதிவில் சேர்க்கக் கிராணி அஞ்சினார். சேர்த்தால் தம் வேலை போகும் என்று அவர் வெளிப்படையாகவே கூறினாராம்.

எல்லாவற்றினும் கொடியது, எங்கள் சொந்த உறவுக்குள் நேர்ந்த பிளவு. என் தந்தைக்கும் தாய்க்கும் போருக்கு முன்பே பரிசம் பேசியிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவரான என் அம்மாச்சி, பெரியப்பா வந்த அன்று தம் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். "துப்பாக்கி புடிச்சவன் வந்துட்டான். மண்வெட்டி புடிச்ச என் புள்ள எங்கே?" என்று உள்ளிருந்து அவர் கதறியது லயம் முழுவதும் கேட்டதாம். தம் மகனைக் கொண்டுபோன ஜப்பானியரோடு தோள் சேர்ந்து நின்ற படையின் வீரனை எப்படி அவர் வரவேற்பார்? அந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்றும் கூறிவிட்டார்.

பெரியப்பாவைப் பெற்ற என் ஆயாவின் வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. தாத்தா, மகனை வாயிற்படியிலேயே நிறுத்தி, "யாரைக் கேட்டுப் போனே? உன்னால எத்தனை பேருக்குக் கேடு?" என்று உரத்த குரலில் விசாரிக்கத் தொடங்கினார். அப்போது ஆயா குறுக்கே வந்து கூறிய சொற்களை எங்கள் குடும்பம் இன்றும் மறக்கவில்லை: "பசியோட வந்தவங்கிட்ட கணக்குக் கேக்காதீங்க. முதல்ல சோறு போடுவோம். அப்புறம் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்குறேன்."

எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளியின் வாயிலிருந்து வந்த இச்சொற்களில், நாடுகள் பல இன்றும் கற்றுக்கொள்ளாத நீதி ஒன்று அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். சோறு போடுவது வேறு. கணக்குக் கேட்பது வேறு. முன்னது பின்னதைத் தள்ளுபடி செய்துவிடாது. பின்னதற்காக முன்னதை நிறுத்தி வைக்கவும் கூடாது.

எங்கள் லயத்தில் நிகழ்ந்த இதே வழக்கு அதற்குச் சில மாதங்களுக்கு முன் இந்தியாவில் மிகப் பெரிய அளவில் நடந்து முடிந்திருந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் வித்தே சிறைப்பட்ட வீரர்கள்தாம். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் மோகன் சிங்கின் அழைப்பை ஏற்றுப் புதிய படையில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களுள் பலர் நியூ கினி போன்ற தொலைத் தீவுகளுக்கு அடிமைகளைப்போல் அனுப்பப்பட்டு, அங்கே சொல்லொணாத் துன்பம் அனுபவித்தார்கள். போர் முடிந்ததும் இரு சாராரும் ஊர் திரும்பினார்கள். எவர் வீரர்? எவர் துரோகி? சத்தியத்தைக் காத்துத் துன்புற்றவரா, சத்தியத்தை மீறி நாட்டுக்காகப் போரிட்டவரா?

1945 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், தில்லான் ஆகிய மூவர்மீது இராணுவ நீதிமன்றம் விசாரணை தொடங்கியது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது முதற் குற்றச்சாட்டு. தம் படையை விட்டுச் செல்ல முயன்ற வீரர்களைச் சுட்டுக் கொன்றது தொடர்பான குற்றச்சாட்டும் உடன் இருந்தது. புலாபாய் தேசாய் வாதிட்டார். பல்லாண்டுகளாக வழக்கறிஞர் அங்கியைத் தொடாதிருந்த ஜவஹர்லால் நேரு அதை மீண்டும் அணிந்து வந்தார். அம்மாதம் கல்கத்தா வீதிகளில் மாணவர்கள் திரண்டார்கள்; துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் மாண்டன. போர்க்காலத்தில் போஸை ஜப்பானின் கைப்பாவை என்று ஏசிய கம்யூனிஸ்டுகளும் மக்கள் எழுச்சியின் பக்கம் வந்து நின்றார்கள். பிற வகைகளில் எதிரெதிராய் நின்ற காங்கிரசும் முஸ்லிம் லீகும் இவ்வழக்கில் கைதிகளுக்காகவே குரல் கொடுத்தன. டிசம்பர் 31 ஆம் நாள் முடிந்த விசாரணையில் மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றவாளிகள் என்றே தீர்ப்பாயிற்று. ஆயினும் 1946 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள், தலைமைத் தளபதி ஆக்கின்லெக், ஆயுள் நாடுகடத்தல் தண்டனையைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மாலைகளும் ஊர்வலங்களும் முடிந்தபின் நடந்ததையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். நாடு விடுதலை பெற்ற பின்னும் இவ்வீரர்கள் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பழைய சத்தியத்தைக் காத்தவர்களையும் மீறியவர்களையும் ஒரே அணிவகுப்பில் நிறுத்த அந்த அரசு தயங்கியது. விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்குரிய ஓய்வூதியத் திட்டம் 1972 இல் வந்தபோதுதான் அவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. கொண்டாட்டம் ஒரு நாளில் வந்துவிடுகிறது. கணக்குத் தீர்வதற்கு ஒரு தலைமுறை ஆகிறது.

இது நம் இனத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்கச் சிப்பாய் போ பெர்க்டால் 2009 ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஆப்கானிஸ்தானில் தம் முகாமைவிட்டு அனுமதியின்றி வெளியேறி, தாலிபான்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சிறையில் வதைபட்டார். 2014 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள், குவாண்டனாமோவில் இருந்த தாலிபான் கைதிகள் ஐவரை விடுவித்து அவரை மீட்டார்கள். அதிபர் ஒபாமா அவருடைய பெற்றோரை அருகில் நிறுத்தி அச்செய்தியை அறிவித்தார். அடுத்த சில நாள்களிலேயே நாடு இரண்டுபட்டது. ஓடிப்போனவனுக்காக ஐந்து பகைவரை விடுவதா என்று எதிர்க்கட்சியினர் கொதித்தார்கள். அவரைத் தேடிப் போனபோது படுகாயமுற்ற வீரர்களின் துயரமும் பேசப்பட்டது. அவருடைய சொந்த ஊரான, ஐடஹோ மாநிலத்து ஹெய்லி என்னும் சிற்றூர், வரவேற்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தது. கண்டனம் குவியவே, பாதுகாப்பைக் காரணங்காட்டி விழாவைக் கைவிட்டது. பின்னர் 2017 இல் இராணுவ நீதிமன்றத்தில் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மானமிழந்த நிலையில் படையிலிருந்து நீக்கப்பட்டார், சிறைத்தண்டனை விதிக்கப்படவில்லை. 2023 இல் வேறொரு நீதிமன்றம் அத்தீர்ப்பையும் நீக்கியது.

இவ்வழக்கைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு அம்மாச்சியின் கதறலும் ஆயாவின் சொல்லும் ஒருசேரக் காதில் ஒலிக்கின்றன. பகைவரிடம் கிடந்த தன் வீரனை மீட்பது அரசின் கடமை. அவன் நல்லவனா தீயவனா என்று பார்த்தபின் செய்யும் தயவு அன்று. அதே வேளையில், மீட்டுவிட்டோம் என்பதனால் அவன் விடைகூறும் கடமையிலிருந்து விலகிவிடுவதில்லை. மீட்பைக் கொண்டாட்டமாக்கிய ஆளுங்கட்சியும், தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்ட எதிர்க்கட்சியும் ஒரே தவற்றின் இரு முகங்கள். அபிநந்தனுக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். அவர் திரும்பிய சில நாள்களிலேயே அவர் படம் தேர்தல் விளம்பரத்தில் இடம்பெற்றது; தேர்தல் ஆணையம் தலையிட்டு நீக்கச் சொல்லவேண்டியதாயிற்று. அரசியலுக்கு, திரும்பி வந்தவன் ஒரு மனிதனாகத் தெரிவதில்லை.

அதே 2019 ஆம் ஆண்டு நவம்பரில், அதே உணவுக்கடையில் வேறொரு பூசல் எழுந்தது. பேராக் மாநிலத்துச் சித்தியவானில் பிறந்து, மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியை வழிநடத்திய சின் பெங்கின் அஸ்தி இரண்டு மாதங்களுக்கு முன்னரே நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்ற செய்தி வெளியாயிற்று. அவர் சிறைப்பட்டவர் அல்லர். 1989 ஆம் ஆண்டு ஹட்யாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தவர். நாடு திரும்ப அவர் தொடுத்த வழக்கு 2009 இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. 2013 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் பாங்காக்கில் மறைந்தார். அவருடைய பழைய தோழி ஷம்சியா ஃபாக்கே 1994 இல் திரும்ப அனுமதி பெற்றாரே, இவருக்கு மட்டும் ஏன் மறுப்பு என்றார் ஒருவர். அவசரகாலத்தில் காவல்துறையில் பணியாற்றித் தகப்பனை இழந்த குடும்பத்தவரான மற்றொருவர் மேசையைத் தட்டி எழுந்து போய்விட்டார். குனோங் ராபாட்டும் அந்நாளில் மக்கள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று. முள்வேலிக் காலத்தை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்த இவ்வூரில், அவ்விருவருள் எவரையும் அறிவிலார் என்று தள்ள என்னால் இயலவில்லை. இழந்தவனின் சினம் வெறும் அரசியல் அன்று. அது, திரும்பி வராத ஒருவருக்காக எழும் குரல். அதைக் கேட்க மறுக்கும் வரவேற்பு முழுமை பெறாது.

எங்கள் வீட்டில் அக்குரல் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதைக் கூறி முடிக்கிறேன். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குப் பின், பெரியப்பா தாமாகவே அம்மாச்சியின் வீட்டு வாயிலுக்குப் போய்த் திண்ணையில் அமர்ந்தார். 1944 இல் பர்மாவுக்குப் போகையில் அவருடைய படை சென்றது அந்தச் சயாம் இரயில் பாதையின் வழியாகத்தான். வண்டி நின்ற இடங்களிலெல்லாம் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, "பேராக்குத் தோட்டத்துக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூவினாராம். எலும்பும் தோலுமாய் நின்றவர்கள் தத்தம் தோட்டத்துப் பெயர்களைச் சொன்னார்களாம். ஓரிடத்தில், எங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்டதும், ஒருவர் ஒன்றும் பேசாமல் காட்டின் பக்கம் கையைக் காட்டினாராம். இவ்வளவையும் மூடிய கதவைப் பார்த்துக் கூறிவிட்டு, "உங்க புள்ளைங்க போட்ட தண்டவாளத்து மேலதான் அத்தை நான் போனேன்" என்றார்.

உள்ளிருந்து நெடுநேரம் ஒலியே இல்லை. பிறகு அம்மாச்சி கேட்டார்: "போறப்ப உனக்கு அது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

கதவு திறந்தது. அம்மாச்சி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவரருகே வைத்துவிட்டு, நிலைப்படியில் அமர்ந்து அழுதார். இரண்டாண்டுகளுக்குப் பின் என் பெற்றோரின் திருமணம் நடந்தது. ஆனால், அம்மாச்சி தம் வாழ்நாள் முழுவதும் தம் வீட்டில் எவரும் "ஜெய் ஹிந்த்" என்று கூற விட்டதில்லை. பெரியப்பாவும் அங்கே ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அவர் பின்னர் வேறு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டார். முதுமையில் குனோங் ராபாட்டில் எங்களோடு வந்து தங்கினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல்நாள், மாமாவுக்குப் படைக்க ஒரு வேட்டி வாங்கி வருவது அவர் வழக்கம். கடைசித் தீபாவளிக்கு நடக்க இயலாதபோது, என்னை அனுப்பி வாங்கச் சொன்னார்.

நண்பரே, என் பெரியப்பாவை வரவேற்க எவரும் இரயிலடிக்குப் போகவில்லை. சோறு போட ஒருத்தி இருந்தாள். கணக்குக் கேட்க ஒருத்தி இருந்தாள். இருவரும் அவருக்கு நன்மையே செய்தார்கள் என்பதை உணர எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரிய அன்பர்கள், வீரன், துரோகி என்னும் இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், மாணவர்களை அந்த இரு வீட்டு வாயில்களிலும் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.